இடாருசிஸுமாப்

நாக்கைச் சுளுக்கும் இந்த மருந்துப் பெயரைப் பின்னாலிருந்து பிரிக்க வேண்டும். ‘மாப்’ என்பது ஒரே உயிரணுவின் வழித்தோன்றல்கள் உண்டாக்கும் ஒரே மாதிரியான எதிர்ப்பொருளைக் குறிக்கும் ஆங்கில எழுத்துச் சுருக்கம். ‘ஸு’ என்றால் மனித உடல் ஏற்கும்படி மாற்றியமைக்கப்பட்டது. ‘சி’ இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் சுட்டும். முன்னால் நிற்கும் ‘இடாரு’வுக்குப் பொருள் ஏதும் இல்லை. அது மற்ற மருந்துகளிலிருந்து வேறுபடுத்த மட்டுமே.

ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகட்ரான் மாத்திரை சாப்பிடுபவருக்கு மூளையில் ரத்தம் கசிந்தால், ஒவ்வொரு நிமிடமும் உயிர்ப் பிரச்சினை. அப்போது ரத்த நாளத்தில் ஏற்றப்படுவது இது. டாபிகட்ரான், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினைப் பிடித்து முடக்குகிறது. இந்த எதிர்ப்பொருளோ, த்ராம்பினைவிட ஏறத்தாழ 350 மடங்கு இறுக்கமாக டாபிகட்ரானைப் பற்றிக்கொள்கிறது. அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது.

ஆய்வகத்திலும் இதற்கு அருமையான பயன் உண்டு. டாபிகட்ரான் கலந்த ரத்தம் உறைதல் சோதனைகளைக் குழப்பிவிடும். மாதிரியில் இதைச் சிறிது சேர்த்தால் மருந்தின் தாக்கம் நீங்கும். உறையாமைக்குக் காரணம் மருந்தா, நோயா என்று அப்போது பிரித்தறியலாம். நோயாளிகளுக்கு இது பெரிய உதவி.

உண்மையில் இது முழு எதிர்ப்பொருள் அல்ல, அதன் ஒரு துண்டு. பெயர் இதைச் சொல்லாதது குறைதான். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ‘ஸு’ போன்ற இடையசைகளையும் 2021இல் ‘மாப்’ என்ற முடிவையும் புதிய பெயர்களில் கைவிட்டது. இனி வரும் துண்டுகளுக்கு ‘மென்ட்’ என்பதே முடிவு.