புகாருக்கு ரசீது உண்டா?

ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறினால் மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் தாண்டிச் சிதம்பரம். அதனால் அரியலூர், பெரம்பலூர்க்காரர்களுக்கு பொன் நாவரசு கொலை எங்கோ தூரத்தில் நடந்த செய்தி இல்லை.

1996 நவம்பர் 6. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசுவை சீனியர் ஜான் டேவிட் கொன்றார். நாவரசுவின் அப்பா பொன்னுசாமி, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பையனுக்கே இந்தக் கதின்னா, கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்கப் போகிற பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

1998இல் ஆயுள் தண்டனை, 2001இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி ஆயுள். வழக்கு இப்படி இழுத்துக்கொண்டு போனது. ஆனால் சட்டம் சீக்கிரமே வந்துவிட்டது: தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

அதில் பலரும் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு, 7ஆவது. புகார் வந்தும் கல்லூரித் தலைவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அவரும் ராகிங்குக்கு உடந்தை. தண்டனையும் அதேதான்.

பலமான பிரிவுதான். ஆனா அது உயிர் பெறுவது 'புகார்' வந்த பிறகு. வாய்மொழியாகச் சொன்னதை, "எழுதிக் கொடுக்காதப்பா, பேசித் தீர்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டால், புகார் வந்ததற்கே சாட்சி இல்லை.

2009இல் இமாச்சலில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் இறந்த பிறகு, யுஜிசி புது விதிகள் கொண்டுவந்தது. ராகிங் பற்றி எந்தத் 'தகவல்' வந்தாலும் கல்லூரித் தலைவர் விசாரிக்க வேண்டும்; குற்றம் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் தர வேண்டும். 1800-180-5522 உதவி எண்ணும் வந்தது. 'புகார்' என்பது 'தகவல்' ஆனது பெரிய மாற்றம். கூடவே, ராகிங் செய்ய மாட்டேன் என்று மாணவரும் பெற்றோரும் வருடாவருடம் உறுதிமொழி தர வேண்டும் என்றானது.

மாணவர் கையெழுத்துப் போடுகிறார், சரி. கல்லூரி எதில் போடுகிறது? எங்கள் சாஃப்ட்வேர் வேலையில் ஒரு சின்னப் பிழையைச் சொன்னாலும் எண், தேதி, பொறுப்பாளர் பெயரோடு டிக்கெட் வந்துவிடும். அடி வாங்கிய பிள்ளைக்கு அந்தத் துண்டுச்சீட்டு வேண்டாமா?

2022இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலாண்டுப் பிள்ளைகள் இப்போது நம்ம ஊருக்கே வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் புகாருக்குத் தேதி போட்ட ரசீது கிடைத்தால்தான் அந்த 7ஆவது பிரிவுக்குப் பல் இருக்கும்.