இராமலிங்க விலாச ஓவியங்கள்

இராமநாதபுரம் அரண்மனையின் தர்பார் மண்டபமான இராமலிங்க விலாசத்தில், முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில் (18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) தீட்டப்பட்ட சுவரோவியங்கள். அரசவை வாழ்க்கையை இத்தனை விரிவாகச் சொல்லும் சுவர்கள் தமிழகத்தில் அரிது.

இராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். மதுரை நாயக்கர் அவருக்கு இரத்தினாபிஷேகம் செய்கிறார். தொப்பி அணிந்த ஐரோப்பியர் மன்னரைக் காண வருகின்றனர். தஞ்சை மராத்தியருடனான போரும் அந்தப்புரக் களிப்பும் அருகருகே. காட்சிகளுக்குத் தமிழிலேயே விளக்கமும் எழுதியிருப்பது அருமையான செய்தி.

அரசவையை ஓவியமாக்க வேறு வழியும் உண்டு: பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்ப்புக்காக 16ஆம் நூற்றாண்டில் உருவான ஷாநாமா காவிய ஏட்டில், நீர்வண்ணமும் பொன்னும் கொண்டு அரசவைகளைத் தாளில் தீட்டினார்கள். அது கையில் எடுத்துப் புரட்டும் ஓவியம். சேதுபதியின் ஓவியமோ தர்பாருக்கு வந்தவர்களைச் சூழ்ந்து நின்றது.

மண்டபம் இப்போது மாநிலத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது.