மண்ணுக்குப் போன காகிதம்

ஹவாய்த் தீவில் ஹிலோ நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஓலா. எரிமலைச் சரிவு, அடைமழைப் பிரதேசம். கரும்பு நன்றாக வரும். களை அதைவிட நன்றாக வரும். ஆள் வைத்துக் களை எடுத்து மாளாது. அங்கிருந்த சர்க்கரைத் தோட்டத்தின் மேலாளர் சார்ல்ஸ் எக்கர்ட், 1914 வாக்கில் ஒரு துணிச்சலான வேலையில் இறங்கினார். கரும்பு வரிசைகளின் மேல் தடித்த காகிதத்தை விரித்து மூடினார்.

கரும்பின் முளை கூர்மையானது, விறைப்பானது. காகிதத்தைக் குத்திக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். களைச்செடிகளின் மெல்லிய தளிர்களுக்கு அந்தப் பலம் இல்லை. வெளிச்சமும் கிடைக்காமல் காகிதத்துக்கு அடியிலேயே வெளிறிச் செத்துப்போயின. பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் தடுக்கும் சல்லடையாகக் காகிதம் வேலை செய்தது. அதைவிட அழகான விஷயம், அந்தக் காகிதம் வந்த வழி. சாறு பிழிந்த கரும்புச் சக்கையிலிருந்து மூடாக்குக் காகிதம் செய்ய ஓலாவிலேயே ஒரு ஆலை எழுந்தது. கரும்பு தன் சக்கையாலேயே தன் களையை அடக்கியது. கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கத் தொடங்கியது 1980களில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், எக்கர்ட் காலத்து முயற்சியின் அருமை புரியும்.

கரும்பைவிட அன்னாசிதான் இந்த முறையை இறுகப் பிடித்துக்கொண்டது. 1920களில் ஹவாயின் அன்னாசி வயல்களில் தார் ஏற்றிய காகிதம் நீளநீளமாக விரிக்கப்பட்டது. அதில் துளை போட்டுக் கன்றுகளை நட்டார்கள். மண்ணில் ஈரம் நின்றது, சூடு ஏறியது, வேர் சீக்கிரம் பிடித்தது. செய்தி அமெரிக்கப் பெருநிலத்துக்கும் போனது. வேளாண் துறையைச் சேர்ந்த எல். எச். பிளின்ட், காகித மூடாக்கில் காய்கறிப் பயிர்கள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்து 1928இல் அறிக்கை வெளியிட்டார். ஆனால் 1950களில் பிளாஸ்டிக் தாள் வந்து இடத்தைப் பிடித்தது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் எமரி எம்மர்ட் இதில் முன்னோடி. விலை மலிவு, எளிதில் கிழியாது, மக்காது. மக்காததுதான் அதன் பெருமையாக அன்று பேசப்பட்டது. இன்று வயல்களில் அள்ளி மாளாத குப்பை அது.

மண்ணும் காகிதமும் சந்தித்த கதைக்கு இன்னும் பழைய கிளை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டவுன் கிராமத்தில், மண்புழுக்களுக்குப் புத்தி உண்டா என்று பார்க்க சார்ல்ஸ் டார்வின் எழுதும் தாளை நீண்ட முக்கோணங்களாக வெட்டினார். இரவுப் பனியில் தாள் துவண்டுவிடக் கூடாதென்று இரண்டு பக்கமும் கொழுப்பைத் தேய்த்து நிலத்தில் போட்டார். 303 முக்கோணங்களை எண்ணிப் பார்த்ததில், 62 சதவீதத்தைப் புழுக்கள் கூர்முனையைப் பிடித்தே வளைக்குள் இழுத்திருந்தன. எளிதான வழி எது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. மண்புழுவைப் பற்றிய அவருடைய நூல் 1881இல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். உயிரினங்களின் தோற்றத்தை எழுதிய கை, கடைசிக் காலத்தில் புழுவுக்காகத் தாள் வெட்டிக்கொண்டிருந்தது என்பது மனசை நெகிழ வைக்கிறது.

தாளைக் கீற்றாக்கும் இயந்திரத்துக்கும் தோட்டத்துக்கும் தொடக்கத்தில் எந்த உறவும் இல்லை. 1930களின் நடுவில், நாஜி ஆட்சிக்கு எதிரான தாள்களை அழிக்க வழி தேடிய ஜெர்மானியர் அடால்ஃப் ஏஹிங்கர், மாவைக் கீற்றாக வெட்டும் பாஸ்தா இயந்திரத்தைப் பார்த்துத் தாள் கீற்றும் இயந்திரத்தைச் செய்ததாகச் சொல்வார்கள். வெகுகாலம் அது அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும்தான் இருந்தது. தெருவில் வைத்த குப்பையைக் காவல்துறை வாரண்ட் இல்லாமலே கிளறலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் தீர்ப்பளித்தது. அடையாளத் திருட்டு பற்றிய பயமும் வளர, வீடுகளுக்குள்ளும் இயந்திரம் நுழைந்தது. பை பையாகக் கீற்றுகள் சேர்ந்தன.

அவற்றுக்குப் போக்கிடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. மிச்சிகன் மாநிலம் கலமசூவில் உயிரியல் ஆசிரியையாக இருந்த மேரி ஆப்பிள்ஹாஃப், 1972இல் தபாலில் புழுக்களை வரவழைத்து வீட்டுக்குள்ளேயே சமையலறைக் கழிவை உரமாக்கத் தொடங்கினார். 1982இல் அதைப் புத்தகமாக எழுதினார். புழுவுக்குப் படுக்கையாக அவர் சொன்னவற்றில் நனைத்த செய்தித்தாள் கீற்றும் ஒன்று. அச்சு மையைப் பற்றிய அச்சம் ஒன்று பாக்கியிருந்தது. பழைய வண்ண மைகளில் ஈயம் இருந்தது. பெட்ரோலிய எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு மைக்கு மாற்று தேடிய அமெரிக்கப் பத்திரிகை உலகம் சோயா எண்ணெய் மைக்கு வந்தது. 1987இல் அயோவா மாநிலத்து நாளிதழ் ஒன்று அதில் முதலில் அச்சானது.

இத்தனைக்கும் காகிதம் உரமல்ல. அதில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கும் மேல் கார்பன் இருக்கிறது. நல்ல மக்குக்குழிக்கு முப்பது பங்கு போதும். கீற்றை மட்டும் மண்ணில் புதைத்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனையும் எடுத்துக்கொள்ளும். சாணமோ காய்கறித் தோலோ பச்சை இலையோ கூட வேண்டும்.

முழு செய்தித்தாளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுங்கள்; அதிலிருந்து மறுபடி காகிதம் பிறக்கும். கீற்றாக்கிய தாளில் நார் குட்டையாகிவிடுவதால் ஆலைகள் அதை விரும்புவதில்லை. அதை மட்டும் நனைத்து, கழிவோடு கலந்து செடிக்குக் கொடுங்கள். கடை பில், ஏடிஎம் ரசீது போன்ற வழவழப்பான வெப்ப அச்சுத் தாள்களை மட்டும் சேர்க்காதீர்கள். அவற்றில் பூசிய ரசாயனம் மண்ணுக்குப் போகக் கூடாதது.