மருந்தும் வேண்டும், துஆவும் வேண்டும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகளால் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். பின்னாளில் அங்கே 'தவா-துஆ' திட்டம் வந்தது. தர்காவை நாடி வருவோரின் பிரார்த்தனையைத் தடுக்காமல், அரசு மனநல மருத்துவர்கள் சிகிச்சையும் தருகிறார்கள்.

குமரி மாவட்டத்துக்கும் இது பொருந்தும். 2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் உறவுகளை இழந்த குடும்பங்கள் இங்கே உண்டு. ஒக்கியில் பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இத்தகைய துக்கத்தில் ஆலிமின் ஆறுதல் மனதைத் தாங்கும். ஆனால் தூக்கமின்மையும் பயமும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரும் தேவை. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். 'டெலி மானஸ்' இலவச எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால், அன்றைக்கே அழையுங்கள்.