செங்கல் பொடியும் சாம்பல் சிமெண்டும்

2003-இல் மாடி எடுத்தபோது, மேஸ்திரி இறக்கி வைத்த மூட்டைகளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது சாம்பல் கலந்த சிமெண்ட். கலப்படத்தை என் வீட்டில் போடாதீங்க" என்று திருப்பி அனுப்பினேன். அவர் என்னைவிட மூத்தவர். "உங்க தாத்தா வீடு சுர்க்கி போட்டுக் கட்டினதுதானே, ஐயா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சிமெண்ட் காய்ந்து கெட்டியாகிறது என்றே நினைத்திருந்தேன். அது காய்வதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வேறு பொருளாக மாறுகிறது. அதனால்தான் ஆற்றுக்கு அடியிலும் இறுகுகிறது.

நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் நெப்போலியனின் போர்கள் எல்லாம் மனப்பாடம். அதே காலத்தில் வாழ்ந்த லூயி விக்காவைப் பற்றி ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை. தொர்தோஞ் ஆற்றின் குறுக்கே சுயாக் என்ற ஊரில் பாலம் கட்ட 1812-இல் அனுப்பப்பட்ட இளம் அரசாங்கப் பொறியாளர் அவர். சில சுண்ணாம்புகள் மட்டும் தண்ணீருக்குள் இறுகுவது ஏன் என்று சோதித்துக்கொண்டே இருந்தார். சுண்ணாம்புக் கல்லில் களிமண் கலந்திருப்பதே காரணம் என்று கண்டார். இரண்டையும் அளவாகச் சேர்த்துச் சுட்டால் எந்த ஊரிலும் அத்தகைய சுண்ணாம்பைச் செய்யலாம் என்று 1818-இல் புத்தகமாகவே வெளியிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியவர் ஆங்கிலேயரான ஜோசப் ஆஸ்ப்டின். விக்காவுக்குப் பிற்காலத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றம் பென்ஷன் கொடுத்தது. சிமெண்ட் இறுகும் நேரத்தை அளக்க அவர் செய்த ஊசியை நம் ஆய்வுக்கூடங்களில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். 'விகாட்' என்கிறார்கள், போகட்டும்.

உள்ளே நடப்பதை 1887-இல் விளக்கியவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஆன்றி லெ ஷாத்தெலியே. சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரில் கரைந்து, புதிய படிகங்களாகப் படிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்றார். அப்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமாக வெளியே வரும். இந்த மிச்சத்துக்கு வலு கிடையாது; நீர் கசிந்தால் கரைந்து வெள்ளையாக வழியும்.

சாம்பலின் வேலை இங்கேதான். அனல்மின் நிலையச் சாம்பலில் உள்ள சிலிக்கா அந்த மிச்சச் சுண்ணாம்பைப் பிடித்து, அதையும் பசையாக்கிவிடும். சுட்ட செங்கல் பொடியான சுர்க்கியும் சுண்ணாம்போடு சேர்ந்து இதையேதான் செய்கிறது. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பு, சுர்க்கி கொண்டு கட்டியதே. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலைப் போட்டார்கள். மேஸ்திரி சொன்னது அவ்வளவுதான்.

ஆனால் சாம்பல் மெதுவாகத்தான் வேலை செய்யும். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டால், இதற்குக் குறைந்தது பத்து நாள் விட வேண்டும். வெயில் காலமானால் பதினான்கு. அவசரப்பட்டு நிறுத்திவிட்டுச் சிமெண்டைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

போன சித்திரையில் மகள் வீட்டுக்குத் தளம் போட்டார்கள், சாம்பல் சிமெண்டில். எட்டாம் நாள் "போதும்ப்பா" என்றாள். நான் விடவில்லை. பதினான்கு நாளும் காலையிலும் மாலையிலும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மேஸ்திரி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.