மயிலாடியிலிருந்து தில்லைக்கு நடந்தவர்

தலித் மக்கள் ஏன் கிறித்தவத்துக்குப் போனார்கள் என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பால்பவுடருக்கும் கோதுமைக்கும் போனார்கள் என்பது ஒன்று. அதைச் சொல்பவர்கள் யாரென்று நமக்குத் தெரியும். இன்னொன்று நம் கூட்டங்களிலேயே சொல்லப்படுவது: சாதிக் கொடுமையிலிருந்து தப்பவும் பள்ளிக்கூடத்துக்காகவும் போனார்கள். இதில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனால் சேரியில் இருப்பவருக்கும் கடவுளைத் தேடும் மனம் உண்டு என்பதை இரண்டு பதில்களுமே விட்டுவிடுகின்றன.

மகாராசனின் கதையைத் தோழர்கள் படிக்க வேண்டும். இன்றைய குமரி மாவட்டத்து மயிலாடியில் பிறந்தவர், சாம்பவர். ஊர் அன்று திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. பக்கத்திலேயே சுசீந்திரம். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே 1926இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. உள்ளே போக 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகாராசன் வாழ்ந்ததோ அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பு.

அவருக்குப் பக்தி குறைவில்லை. குலதெய்வத்தை வணங்கி வந்தவர்தான். அதில் நிறைவு கிடைக்காமல், 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், உறவுக்காரப் பையன் ஒருவனோடு சிதம்பரத்துக்குக் கிளம்பினார். சுமார் 500 கிலோமீட்டர். யாரும் அனுப்பவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. பாதிரியார் எவரும் அதுவரை மயிலாடிப் பக்கம் வந்து வேலை தொடங்கியிருக்கவில்லை.

தில்லை என்றதும் நமக்கு நந்தன் நினைவு வரும். பெரியபுராணத்தின் நந்தன் உள்ளே போகத் தீயில் இறங்க வேண்டியிருந்தது. மகாராசன் தீயில் இறங்கவில்லை, திரும்பிவிட்டார். மனம் ஆறவில்லை என்பதை மட்டும் மிஷன் வரலாறுகள் ஒரே குரலில் சொல்கின்றன. (மிஷன்காரர்கள் எழுதியது என்பதால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே வாசிக்க வேண்டும்.) தஞ்சாவூரில் கிறித்தவர்களாகியிருந்த உறவினர் வீட்டுக்குப் போனார். அங்கே கோலாஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

தஞ்சைத் திருச்சபை ஒன்றும் சமத்துவபுரம் இல்லை. வெள்ளாளருக்கு ஓரிடம், பறையருக்கு ஓரிடம் என்று பிரிந்து உட்கார்ந்த சபை அது. 1833இல் பிஷப் வில்சன் இதை நிறுத்தச் சொன்னபோது சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆகவே சாதியில்லாத இடத்தைக் கண்டதால் அவர் மாறினார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிளவுக்கு நடுவிலும், தேடிய ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஊர் திரும்பியதும் தொல்லை வந்தது. அவர் பின்வாங்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். போதகர் வேண்டும் என்று கேட்டது வேதமாணிக்கம். அதன் பிறகுதான் 1806இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். திவான் வேலுத்தம்பி ஆலயம் கட்ட விடவில்லை. 1809இல்தான் கட்ட முடிந்தது. வரித் தொல்லையிலிருந்து தப்பிக்கத் தன்னிடம் வருகிறார்கள் என்று ரிங்கல்தௌபேயே அலுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி வந்தவர்களும் உண்டு. அதில் என்ன குற்றம்? வரியும் ஊழியமும் அவர்களை அவ்வளவு நசுக்கின.

1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்து 1956இல் பௌத்தம் தழுவிய அம்பேத்கரின் 21 ஆண்டுத் தேடலை நாம் மதிக்கிறோம். அதே தேடல் ஒரு கிராமத்துச் சாம்பவருக்கு இருந்திருக்கும் என்றால் மட்டும் ஏன் தயங்குகிறோம்?

1816இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டு ஊரைவிட்டுப் போனார். அதன்பின் அவர் என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியவில்லை. சபைகளை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்திருந்தார். 1818இல் மீட் ஐயர் வரும்வரை அங்கே வெள்ளைக்காரப் போதகர் எவரும் இல்லை. பாதுகாப்புக்கும் பணத்துக்கும் வழியில்லாத அந்தக் காலத்தில் சபைகள் கலையாமல் நின்றன. அவற்றைக் காத்து நின்ற வேதமாணிக்கம் 1827இல் காலமானார்.