என்ஜின் பொய் சொல்லுமா?

பாபநாசம் மலை மேட்டில் பழைய அம்பாசிடர் திணறி ஏறும்போது 'டக டக' சத்தம் கேட்டிருப்பீர்கள். அதுதான் நாக்கிங். சுடர் வந்து சேரும் முன்பே கடைசிக் கலவை தானாக வெடிக்கிறது. நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

முதலில் இதைக் கண்டுபிடிக்கக் காது மட்டும்தான். 1920களில் அமெரிக்காவில் மிட்ஜ்லியும் பாய்டும் 'துள்ளும் ஊசி' கருவி செய்தார்கள். நாக்கிங்குக்கு மருந்தாக 1921-ல் ஈயச் சேர்மத்தைக் கண்டதும் மிட்ஜ்லி குழுதான். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் ஒழிய 2000 வரை ஆனது!

1980களின் தொடக்கத்தில் சாப் டர்போ கார்களில் நாக் சென்சார் வந்தது. என்ஜினில் போல்ட் போட்ட காது என்று வைத்துக்கொள்ளுங்கள். 86 மி.மீ. சிலிண்டரில் நாக் ஒலி சுமார் 6-7 கிலோஹெர்ட்ஸ். வால்வு தட்டினாலும், பிராக்கெட் லூஸானாலும் அந்த அளவில் ஒலி வரலாம். சென்சார் ஏமாந்தால் கம்ப்யூட்டர் இக்னிஷனைத் தாமதப்படுத்தும், பவர் போய்விடும். எரிச்சலில் சென்சாரை மந்தமாக்கினால் நிஜ நாக் தப்பிவிடும், என்ஜின் காலி.

அப்போ எப்படிப் பிரிப்பது? உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றி, இக்னிஷனையும் கொஞ்சம் தாமதப்படுத்திப் பாருங்கள். ரீடிங் குறைந்தால் நிஜ நாக்காக இருக்கலாம். அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் பொய். லூஸானதைத் தேடுங்கள்.

கோவை கரிவர்தன் 1980களின் கடைசியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார் செய்தார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அதுதான். கார்புரேட்டர் என்ஜின், நாக் சென்சார் கிடையாது. மெக்கானிக்கின் காதுதான் சென்சார். நம்மூர் மெக்கானிக் அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டால் இனி சிரிக்காதீர்கள் நண்பர்களே!